வந்தது எது என்று மட்டுமல்ல, ஏற்றது யார் என்றும் கேளுங்கள்

இரண்டு வாரங்களுக்கு முன்பு படிவம் 4 மாணவர்களுக்கு ஹார்மோன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கணையம், இன்சுலின், இரத்தத்தில் உள்ள சீனி என்று வெண்பலகையில் படம் போட்டு முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கை தூக்கினாள்.

“டீச்சர், இன்சுலின் குறைஞ்சா இனிப்புநீர் வரும்னு எழுதியிருக்கோம். எங்க அத்தைக்கு இனிப்புநீர். ஆனா கிளினிக்குல ஊசி போடல, மாத்திரை மட்டும்தான் குடுத்திருக்காங்க. இன்சுலின் குறைவுன்னா இன்சுலினைத்தானே குடுக்கணும்?”

வகுப்பில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது மிகச் சரியான கேள்வி. நான் பலகையில் எழுதிக் காட்டிய ஒரு வரியில் அதற்கு விடை இல்லை. அவளுடைய அத்தையின் உடலில் இன்சுலின் இருக்கலாம். போதுமான அளவுக்கு மேலேயேகூட இருக்கலாம். கோளாறு, அந்த இன்சுலின் சொல்லும் செய்தியை உயிரணுக்கள் ஏற்றுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. அந்த இடத்தின் பெயர்தான் ஏற்பி. மலாயில் ‘ரெசெப்டர்’ என்று நீங்கள் படிப்பது இதைத்தான்.

இந்த வாரம் நான் சொல்ல வருவது ஒரே கருத்து. உயிரியலைப் படிக்கும்போது நாம் எப்போதும் வந்த பொருளையே பார்க்கிறோம். எந்த ஹார்மோன், எந்தக் கிருமி, எந்த மருந்து என்று பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிறோம். அதை ஏற்றுக்கொண்டது யார் என்று கேட்பதில்லை. பாதி உயிரியல் அந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. அதைக் கேட்காததால் தேர்வில் மதிப்பெண் மட்டும் குறைவதில்லை. வீட்டிலும் நாட்டிலும் தவறான முடிவுகளுக்கு வருகிறோம்.

ஒரே செய்தி, வேறு வேறு பொருள்

ஏற்பி என்பது பெரும்பாலும் ஒரு புரதம். சில ஏற்பிகள் உயிரணுவின் வெளிச்சவ்வில் பதிந்திருக்கும். சில உள்ளே இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம் உண்டு. அந்த வடிவத்துக்குப் பொருந்தும் மூலக்கூறு வந்து ஒட்டும்போது ஏற்பியின் உருவம் சற்று மாறுகிறது. அந்த மாற்றம் உயிரணுவுக்குள் அடுத்தடுத்த வேலைகளைத் தொடங்கி வைக்கிறது. பல சமயங்களில், வந்த மூலக்கூறு உள்ளே நுழைவதே இல்லை. வெளியே நின்று செய்தியைக் கொடுத்துவிட்டு விலகிவிடுகிறது.

விளையாட்டுப் போட்டியில் ஓடத் தயாராக நிற்கிறீர்கள். உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசைகள் தளர்ந்து காற்று தாராளமாகச் செல்கிறது. தோலுக்கும் குடலுக்கும் போகும் சிறு இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. கால் தசைகளுக்குப் போகும் குழாய்கள் விரிகின்றன. ஒரே அட்ரினலின் ஓரிடத்தில் குழாயைச் சுருக்குகிறது, இன்னோரிடத்தில் விரிக்கிறது. இது எப்படி?

அட்ரினலின் எங்கும் ஒன்றுதான். அதை ஏற்கும் ஏற்பிகள் இடத்துக்கு இடம் வேறு. ஆஸ்துமா உள்ள மாணவர்கள் பையில் வைத்திருக்கும் நீல நிறப் பம்பில் சல்பியூட்டமால் என்ற மருந்து இருக்கும். அது மூச்சுக்குழாயில் உள்ள அட்ரினலின் ஏற்பிகளோடு நன்றாகப் பொருந்தும்படி உருவாக்கப்பட்டது. அதனால்தான் ஓர் இழுப்பில் மூச்சு சீராகிறது. இதற்கு நேர்மாறாக, இதயத் துடிப்பைக் குறைக்கத் தரப்படும் சில மாத்திரைகள் அட்ரினலின் ஏற்பிகளை மறித்துவிடும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அவற்றுள் சில ஆபத்தாகவும் முடியலாம். மருத்துவர் “ஆஸ்துமா உண்டா?” என்று முதலில் கேட்பது இதனால்தான்.

இந்த அட்ரினலின் ஏற்பி எப்படிச் செயல்படுகிறது என்பதை ஆராய்ந்த ராபர்ட் லெஃப்கோவிட்ஸ், பிரையன் கோபில்கா ஆகிய இருவருக்கும் 2012ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ‘ஏற்கும் பொருள்’ ஒன்று உயிரணுவில் இருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி 1905இல் எழுதினார். அப்போது அதை யாரும் கண்ணால் கண்டதில்லை. ஒரு யோசனை உருவம் பெற்று நிற்க ஒரு நூற்றாண்டு பிடித்திருக்கிறது.

பால்மரத்துக்குப் பூசிய மருந்து

ஏற்பி என்றதும் மனித உடலை மட்டும் நினைக்க வேண்டாம். ஜொகூரில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருடைய பாட்டி, தாத்தா பால்மரம் வெட்டியவர்கள். என் பாட்டியும் குளுவாங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர். விடியற்காலையில் வெட்டிய மரத்தில் மங்கு நிறையும் முன்பே பால் நின்றுவிடும் நாள் உண்டு என்பார். “மருந்து பூசினா மட்டும் வெயில் ஏறியும் சொட்டிக்கிட்டே இருக்கும்” என்றும் சொல்வார்.

அந்த மருந்தின் பெயர் எத்திஃபோன். 1960களின் இறுதியில் மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் அதைப் பால்மரங்களில் சோதித்துப் பார்த்தது. பிறகு தோட்டங்களில் அது பரவலானது. வெட்டுக்கோட்டை ஒட்டிய பட்டையில் பூசினால், மரத்துக்குள் எத்திஃபோன் சிதைந்து எத்திலீன் வாயுவை விடுகிறது. எத்திலீன் ஒரு தாவர ஹார்மோன். அது பால் குழாய்களின் வாய் சீக்கிரம் அடைத்துக்கொள்வதைத் தாமதப்படுத்துகிறது. பால் கூடுதல் நேரம் வடிகிறது.

பச்சை மாங்காயை அரிசிப் பாத்திரத்தில் புதைத்து வைத்தால் சீக்கிரம் பழுப்பதற்கும் இதே எத்திலீன்தான் காரணம். காய் வெளிவிடும் வாயு அரிசிக்குள் தங்கி, காய்க்கே திரும்ப வேலை செய்கிறது. கார்பைட் கல்லை வைத்துப் பழுக்க வைக்கும்போது வெளிவருவது அசெட்டிலீன். அது எத்திலீனைப் போன்ற உருவம் கொண்டது. அதே ஏற்பியை ஏமாற்றி வேலை வாங்குகிறது.

எத்திலீனை ஏற்பது எது என்று நீண்ட நாள் தெரியவில்லை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் 1993ஆம் ஆண்டு விடை கிடைத்தது. அந்தச் செடியில் கண்டறியப்பட்ட எத்திலீன் ஏற்பியின் மரபணுதான், தாவர ஹார்மோன் ஏற்பிகளில் முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1995இல் தக்காளியிலும் ஒரு செய்தி வெளிவந்தது. எவ்வளவு நாள் வைத்தாலும் சிவக்காத, ‘நெவர் ரைப்’ என்று பெயர் பெற்ற தக்காளி வகை ஒன்று உண்டு. அதற்கு எத்திலீன் கொடுத்தாலும் பயனில்லை. காரணம், அதன் எத்திலீன் ஏற்பியில் ஏற்பட்ட ஒரு மாற்றம். வாயு சுற்றிலும் இருந்தும் அதற்கு எத்திலீன் என்ற செய்தியே எட்டவில்லை.

இங்கே இன்னொரு வியப்பும் உண்டு. நொதிப் பாடத்தில் நீங்கள் ‘பூட்டும் சாவியும்’ என்ற உவமையைப் படித்திருப்பீர்கள். ஏற்பியையும் அப்படியே நினைத்துக்கொள்கிறோம்: சாவி வந்தால் பூட்டு திறக்கும், வேலை தொடங்கும். எத்திலீன் ஏற்பி இதற்கு நேர் எதிர். எத்திலீன் இல்லாதபோதுதான் அது மும்முரமாக வேலை செய்கிறது. “பழுக்காதே, பழுக்காதே” என்று தடுத்துக்கொண்டே இருக்கிறது. எத்திலீன் வந்து ஒட்டியதும் அந்தத் தடுப்பு வேலை நிற்கிறது. காய் பழுக்கத் தொடங்குகிறது. நெவர் ரைப் தக்காளியில் அந்தத் தடுப்பு நிற்பதே இல்லை. வணிகர்கள் பழங்களை நீண்ட நாள் காக்கப் பயன்படுத்தும் ஒரு வாயுவும் இந்த ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எத்திலீனுக்கு இடம் கொடுப்பதில்லை. தடுப்பு வேலையையும் நிற்க விடுவதில்லை.

ஆகவே உவமையை விட்டுவிடுங்கள் என்று சொல்லவில்லை. அதோடு நின்றுவிடாதீர்கள் என்கிறேன். பாட்டி இன்னொன்றும் சொல்வார்: மருந்தை அடிக்கடி பூசிய மரத்தின் பட்டை காய்ந்துபோய், பிறகு பாலே வராது. உண்மைதான். அளவுக்கு மீறி எத்திலீன் கொடுத்துப் பால் எடுத்த மரங்களில் பட்டை வறட்சி கூடும். செய்தியை இடைவிடாமல் அனுப்பிக்கொண்டே இருந்தால், கேட்கும் உயிர் களைத்துப் போகும். இதை மனத்தில் வைத்துக்கொண்டு அத்தையிடம் திரும்புவோம்.

மணி அடிக்கிறது, கதவு திறக்கவில்லை

சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் சீனி கூடுகிறது. கணையம் இன்சுலினை அனுப்புகிறது. தசை உயிரணுவின் மேல் உள்ள இன்சுலின் ஏற்பியில் அது ஒட்டுகிறது. உள்ளே செய்தி கைமாறிச் செல்கிறது. முடிவில், உயிரணுவின் உட்புறத்தில் சிறு பைகளில் காத்திருக்கும் ‘குளுட் 4’ என்ற புரதங்கள் மேற்பரப்புக்கு வருகின்றன. சீனி உள்ளே செல்லும் வாசல் அவைதான். இன்சுலின் வாசல் அல்ல. அது அழைப்பு மணி.

முதல் வகை நீரிழிவில் இன்சுலினைச் சுரக்கும் உயிரணுக்களை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பே அழித்துவிடுகிறது. மணி அடிக்க ஆளில்லை. எனவே ஊசி மூலம் இன்சுலின் கொடுத்தே ஆக வேண்டும். இரண்டாம் வகையில் மணி அடிக்கிறது. உள்ளே இருப்பவர் எழுந்து வரச் சுணங்குகிறார். ஏற்பியில் இன்சுலின் ஒட்டினாலும் செய்தி உள்ளே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. கணையம் இன்னும் பலமாக மணி அடிக்கிறது, அதாவது கூடுதல் இன்சுலினைச் சுரக்கிறது. பல ஆண்டுகள் இப்படிப் போராடிவிட்டு அதுவும் களைக்கிறது. அந்தக் கட்டத்தில் இரண்டாம் வகை நோயாளிக்கும் ஊசி தேவைப்படலாம்.

அந்த மாணவியின் கேள்விக்கு விடை இதுதான். அவளுடைய அத்தைக்குக் கொடுத்திருப்பது பெரும்பாலும் மெட்ஃபோர்மின் மாத்திரையாக இருக்கும். அது இன்சுலின் அல்ல. கல்லீரல் தேவையில்லாமல் சீனியை வெளிவிடுவதைக் குறைக்கிறது. இருக்கும் இன்சுலினின் பேச்சை உடல் கேட்க உதவுகிறது.

இது ஏன் வெறும் பாடம் அல்ல? 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அந்த விகிதம் மிக அதிகம். என் பாட்டியும் அவர்களில் ஒருவர். காலில் பட்ட சிறு காயம் ஆறாமல் இரண்டு விரல்களை எடுக்க நேர்ந்தது. “தேத்தண்ணில சீனி அள்ளிப் போட்டுக் குடிச்ச பாவம்” என்று தன்னையே நொந்துகொண்டார். சீனியை நிறுத்திவிட்டோம், இனி மாத்திரை எதற்கு என்று வீட்டில் சிலர் நினைத்தார்கள். சீனி மட்டுமே குற்றவாளி என்றால் அந்தக் கணக்கு சரிதான். ஆனால் நோய் சீனிக் கிண்ணத்தில் இல்லை. சோறும் மீயும் ரொட்டி சானாயும்கூட உள்ளே போனால் சீனிதான். பரம்பரை, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, உடலுழைப்புக் குறைவு எல்லாம் சேர்ந்து உயிரணுவின் கேட்கும் திறனை மங்க வைத்திருக்கின்றன. இது அந்தக் காலத்தில் எங்களுக்குப் புரிந்திருந்தால், பாட்டியைத் திட்டுவதற்குப் பதில் மாத்திரையை நேரத்துக்கு எடுத்துக் கொடுத்திருப்போம்.

இன்னொரு நல்ல செய்தியும் இதில் இருக்கிறது. தசை சுருங்கி விரியும்போது குளுட் 4 மேற்பரப்புக்கு வர இன்னொரு வழி திறக்கிறது. அந்த வழிக்கு இன்சுலின் ஏற்பியின் உதவி தேவையில்லை. முன்வாசல் மணி கெட்டிருந்தாலும் பின்வாசல் இருக்கிறது. உணவுக்குப் பின் அத்தையோடு நீங்களும் அரை மணி நேரம் நடந்து வந்தால் அந்தப் பின்வாசல் திறக்கும். மாத்திரையை நிறுத்தாமல், மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு இதைச் செய்யலாம்.

சுங்கை நிப்பா கற்பித்த பாடம்

இன்சுலின் வரலாற்றில் ஒரு சிறு செய்தி உண்டு. 1921இல் கனடாவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்ட பிறகு, அறுபது ஆண்டு காலம் உலகம் முழுவதும் நோயாளிகளைக் காப்பாற்றியது மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின்தான். பன்றியின் இன்சுலினில் உள்ள 51 அமினோ அமிலங்களில் ஒன்று மட்டுமே மனித இன்சுலினிலிருந்து மாறுபடும். அதனால் நம் ஏற்பி அதைத் தயங்காமல் ஏற்றுக்கொண்டது. பாலூட்டிகளுக்குள் இத்தனை நெருக்கமான உறவு இருக்கிறது. அந்த உறவு உயிர் காத்தது. அதே உறவு உயிரைப் பறித்ததையும் இந்த நாடு பார்த்திருக்கிறது.

1998 செப்டம்பரில் ஈப்போ அருகே பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. பன்றிகள் லாரியில் ஏறி நெகிரி செம்பிலானுக்குப் போனபோது நோயும் கூடவே போனது. முதலில் இது கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கருதப்பட்டது. கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். நோய் கண்டவர்கள் பெரும்பாலும் பன்றிகளைக் கையாண்ட வயது வந்த ஆண்கள். பண்ணைகளில் வேலை பார்த்த இந்தியர்களும் அவர்களில் இருந்தார்கள். அதே ஊரில் வாழ்ந்தும் பன்றிகளோடு தொடர்பில்லாதவர்களுக்கு நோய் வரவில்லை. கொசு ஆள் பார்த்துக் கடிக்குமா?

1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நோயாளியின் ஊரான சுங்கை நிப்பாவின் பெயரே வைரஸுக்கும் வந்தது. மலேசியாவில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் கொல்லப்பட்டன. சிங்கப்பூரில் இறைச்சிக் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு நோய் கண்டு ஒருவர் இறந்தார்.

வந்தது எது என்ற கேள்விக்கு 1999இல் விடை கிடைத்துவிட்டது. ஆனால் இந்த வைரஸ் ஏன் வௌவாலிலும் பன்றியிலும் மனிதனிலும் குடியேற முடிகிறது? ஏன் மூளையைத் தாக்குகிறது? அந்த விடை 2005இல்தான் வந்தது. வைரஸ் பற்றிக்கொள்ளும் ஏற்பி ‘எஃப்ரின் பி2’ என்ற புரதம். பாலூட்டிகளில் அது இனத்துக்கு இனம் பெரிதாக மாறாமல், ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறது. இரத்தக் குழாய்களின் உட்சுவரிலும் நரம்பணுக்களிலும் அது நிறைய உண்டு. நோயாளிகளின் சிறு இரத்தக் குழாய்களும் மூளையும் ஏன் பாதிக்கப்பட்டன என்பதற்கு இது பெரிய விளக்கம். 

எஃப்ரின் பி2 வைரஸுக்காகப் படைக்கப்பட்டதல்ல. கரு வளரும்போது எது தமனி, எது சிரை என்று இரத்தக் குழாய்கள் பிரிந்து வளர அது உதவுகிறது. அங்கே அது ஏற்பிகூட அல்ல. பக்கத்து உயிரணுவின் ஏற்பிக்குச் செய்தி சொல்லும் புரதம். நம் உடலுக்குச் செய்தியாக இருப்பதை வைரஸ் தன் கைப்பிடியாக்கிக்கொண்டது. கோவிட்-19 கிருமி பற்றிய ஏசிஇ2 புரதமும் இரத்த அழுத்தத்தைச் சீராக வைக்க உடல் வைத்திருப்பதுதான். உடலுக்குத் தேவையானதை நீக்க முடியாது. வைரஸ் அதைப் பிடிக்காமல் தடுக்க முடியும். நிப்பாவின் உறவினமான ஹென்ட்ரா வைரஸும் இதே எஃப்ரினைத்தான் பற்றுகிறது. அந்தப் பற்றும் புரதத்தைக் கொண்டு குதிரைகளுக்கான தடுப்பூசி ஒன்று 2012இல் ஆஸ்திரேலியாவில் பயன்பாட்டுக்கு வந்தது.

தியோமான் வௌவால்

மெர்சிங் படகுத்துறையிலிருந்து நீங்கள் தியோமான் தீவுக்குப் போயிருக்கலாம். அங்கே மரங்களில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால்களின் சிறுநீரையும் அவை கடித்துப் போட்ட பழத்தையும் சேகரித்துத்தான், சுவா காவ் பிங் குழுவினர் வௌவால்களிடமிருந்து நிப்பா வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இந்தச் செய்தி 2002இல் வெளியானது. அப்படியென்றால் வௌவால்களைக் கொன்றுவிட வேண்டியதுதானே என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவராவது கேட்கிறார். 2018இல் கேரளாவின் கோழிக்கோட்டில் நிப்பா வந்தபோதும் அங்கே அதே பேச்சு எழுந்தது.

இங்கேதான் இரண்டாவது கேள்வி நமக்குத் தேவைப்படுகிறது. அதே ஏற்பி வௌவாலிடமும் இருக்கிறது, ஆனால் அதன் உடல் வைரஸோடு சண்டையின்றி வாழப் பழகியிருக்கிறது. எனவே ஏற்பி இருந்தால் நோய் வந்தே தீரும் என்று எண்ணிவிடக் கூடாது. எவ்வளவு கிருமி வந்தது, எதிர்ப்பு அமைப்பு என்ன செய்தது என்பவையும் சேரும். 1998இல் வௌவால் நம் வீட்டைத் தேடி வரவில்லை. பழமரங்களை ஒட்டிப் பன்றிக்கொட்டகைகளைக் கட்டினோம். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது. ஏற்பிகள் ஒன்றுபோல் இருக்கும் மூன்று உயிர்களை நாமே ஒரே வரிசையில் நிறுத்தினோம். கொட்டகையைப் பழமரங்களுக்கு அருகே வைக்காதே என்ற எளிய விதி, வௌவாலைச் சுடுவதைவிட மேலானது.

அதே தியோமான் தீவில் மலேசிய ஆய்வாளர் ஷீமா அப்துல் அசீஸும் அவருடைய குழுவினரும் மரங்களில் கேமரா பொருத்திப் பார்த்தார்கள். அந்த வௌவால்கள் இரவில் டுரியான் பூக்களில் தேன் குடித்து மகரந்தச் சேர்க்கை செய்வதைக் கண்டு 2017இல் எழுதினார்கள். வௌவாலை அழித்தால் டுரியானும் குறையும்.

நோட்டுப் புத்தகத்தில் மூன்று வரி

“எஸ்.பி.எம். தேர்வில் இவ்வளவு கேட்பதில்லையே டீச்சர்” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. பாடத்திட்டம் நீளமானது, நேரம் குறைவு என்பதும் உண்மை. ஏற்பி என்ற சொல் நம் பாடங்களில் சிதறிக் கிடக்கிறது. புலன்கள் பாடத்தில் தோலிலும் நாக்கிலும் வருகிறது. ஹார்மோன் பாடத்தில் ‘இலக்கு உறுப்பு’ என்ற பெயருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. தாவரப் பாடத்தில் எத்திலீன் பற்றிய ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. இவற்றை இணைக்கும் வேலையை ஆசிரியர்களாகிய நாங்களும் பல சமயம் செய்வதில்லை. அந்தக் குறையை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இணைத்துப் படித்தால் சுமை கூடாது, குறையும். எந்த ஹார்மோனை, நோயை, மருந்தைப் படித்தாலும் நோட்டில் மூன்று வரி எழுதிப் பாருங்கள். செய்தி எது? அதை ஏற்பது எது, எந்த உயிரணுவில்? ஏற்ற பிறகு உள்ளே என்ன மாறுகிறது? பால்மரத்துக்கும் அத்தையின் மாத்திரைக்கும் நிப்பாவுக்கும் இதே மூன்று வரிதான். பத்துப் பட்டியல்களை மனப்பாடம் செய்வதைவிட இது எளிது.

அந்த மாணவி மறுநாள் வந்து, அத்தையிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னதாகச் சொன்னாள். “அத்தை என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“‘அப்ப நான் மாத்திரையை நிறுத்தக் கூடாதா?’ன்னு கேட்டாங்க டீச்சர். நிறுத்தலாம்னு இருந்தாங்களாம்.”

அடுத்த வாரம் அவளுக்கு ஹார்மோன் பாடத்தில் தேர்வு இருக்கிறது. எத்தனை மதிப்பெண் வாங்கினாலும், அவள் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டாள் என்றுதான் நான் சொல்வேன்.